ஜீப்புல ஒரு எடம் காலியா இருக்கட்டும்

போன இதழ்ல, ஃபேஸ்புக்லயும் இன்ஸ்டாலயும் டிஸ்கார்ட்லயும் கேரக்டர் போட்டு ரோல்ப்ளே பண்றவங்க கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு வரி போட்டிருந்தோம், அதுக்கு இவ்ளோ வரும்னு நான் நெனைக்கல, அதுலயும் பாதிக்கு மேல நம்ம பார்டர் ஊர்க்காரங்க, வண்டிப்பெரியாறு, செங்கோட்டை, கொழிஞ்சாம்பாறை, களியக்காவிளை, அங்கிட்டு நகரி வரைக்கும். ரோல்ப்ளேன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு மட்டும் சொல்லிடறேன்: நீங்க ஒரு ஆளா மாறி ரெண்டு வரி எழுதுறீங்க, இன்னொருத்தர் வேற ஒரு ஆளா மாறி அதுக்குப் பதில் எழுதுறாங்க, மூணாவதா ஒருத்தர் உள்ள வர்றாங்க, கதை அப்டியே நடந்து போகும், டைரக்டர்னு யாரும் கெடையாது. நான் குமுளில பொறந்து கம்பத்துல வாக்கப்பட்டவ, ஏழு வருஷமா இத பண்ணிட்டு இருக்கேன், அந்த அனுபவத்துல தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அக்கா, நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். ருத்ரான்னு சொந்தமா ஒரு கேரக்டர் உருவாக்கி ஆறு பக்கத்துக்கு பேக்ஸ்டோரி, அதாவது அவனோட முன்கதை, எழுதிருக்கேன். 400 வருஷமா சாகாம வாழ்றவன், எல்லா பாஷையும் தெரியும், பசி தூக்கம் கெடையாது, அம்மா அப்பா இல்ல, யாராலயும் தோக்கடிக்க முடியாது, பேச்சும் ரொம்ப கம்மி. போட்டு ஒரு மாசம் ஆச்சு, லைக் போடுறாங்க, ஆனா ஒருத்தர் கூட கதைக்குள்ள வர மாட்டேங்கறாங்க. என்ன தப்பு? (வண்டிப்பெரியாறு)

தம்பி, ஆறு பக்கத்தையும் படிச்சேன், ஒழைப்பு தெரியுது, எழுத்தும் நல்லா இருக்கு. ஆனா என் கேரக்டர கொண்டு போயி ருத்ரா முன்னாடி நிறுத்திப் பாத்தேன், என்ன பேசறதுன்னே வரல. அவனுக்கு எல்லா பாஷையும் தெரியும், அதனால எதுவும் புரியாம முழிக்க மாட்டான். பசிக்காது, அதனால டீக்கடைக்கு வர மாட்டான். யாராலயும் ஜெயிக்க முடியாது, அதனால அவனுக்குத் தொணை வேணாம். நான் எங்கிட்டு வழியா உள்ள வர்றது? ஜனங்க லைக் போட்டுட்டுப் போறதுக்கு அதான் காரணம், வாசல் இல்லாத வீட்ட வெளிய நின்னு பாத்துட்டுப் போற மாதிரி.

இதே தப்ப நானும் செஞ்சிருக்கேன். என் மொத கேரக்டர் சுருளி, ஜீப் டிரைவர். எங்கூர்ல காலைல வெள்ளன எந்திரிச்சுப் பாத்தீங்கன்னா தெரியும், இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போற பொம்பளையாளுங்க தூக்குச்சட்டியோட நிப்பாங்க, கம்பமெட்டு வழியா, குமுளி வழியா, அங்க போடிப் பக்கம் போடிமெட்டு வழியான்னு ஜீப்பு ஜீப்பா மலை ஏறும். அந்த ஜீப்புல ஒண்ண ஓட்டுறவன் சுருளி. பயோல, அதாவது கேரக்டர் அறிமுகத்துல, நான் எழுதுனது: நல்லவன், கோவக்காரன், பாசக்காரன், யாருக்கும் பயப்படாதவன். ரெண்டு வாரத்துல நாலு லைக். ஒரு ரிப்ளை இல்ல. அப்பறம் ஒரு நாள் எங்கப்பாவோட சினேகிதர் ஒருத்தர், முப்பது வருஷம் மலையில வண்டி ஓட்டுனவரு, குமுளி பஸ் ஸ்டாண்ட்ல நின்னுக்கிட்டு என்கிட்ட மெதுவா கேட்டாரு, "ஏத்தா, இந்த போர்டுல என்னத்தா போட்ருக்கு?"ன்னு. எனக்கு ஒரு நிமிஷம் புரியல. மலையாளம் அவரு பேசுனா கோட்டயத்துக்காரங்களே நம்ம ஆளும்பாங்க, அப்டி பேசுவாரு. ஆனா படிக்கத் தெரியாது. இத்தனை வருஷமா ஒவ்வொரு போர்டுக்கும் யாரயாச்சும் கேட்டுக் கேட்டுத்தான் வண்டி ஓட்டிருக்காரு.

அன்னிக்கு ராத்திரி சுருளியோட பயோவ முழுசா அழிச்சிட்டு ஒரே வரி போட்டேன், "மலையாளம் பேசுவான், படிக்கத் தெரியாது". கூடவே ஒரு போஸ்ட் போட்டேன், அத அப்டியே இங்க தர்றேன்: "எஸ்டேட் கேட்ல புதுசா ஒரு நோட்டீஸ் ஒட்டிருக்கான். மலையாளத்துல இருக்கு. ஜீப்புல பதினாலு பேரு, ஒருத்தருக்கும் படிக்கத் தெரியல. கீழ 40ன்னு நம்பர் மட்டும் தெரியுது. கூலில ஏத்துறானா, புடிக்கிறானா?" அவ்ளோதான் தம்பி. விடியறதுக்குள்ள ஒம்பது பேரு ஜீப்புக்குள்ள ஏறிட்டாங்க. ஒருத்தங்க பேச்சின்னு காய் எடுக்குற அம்மாவா வந்து "புடிக்கிறான்னுதான் வையி, ஏத்துறதுன்னா அவனே வந்து வாயால சொல்லிருப்பான்"னாங்க, ஒரு பையன் எஸ்டேட் வாட்ச்மேனா வந்து நோட்டீஸ படிக்கத் தெரிஞ்சும் சொல்லாம சுத்தி வளைச்சான், அவனுக்கு மேல ஒரு சூப்பர்வைசர் வந்தாரு. அந்த நோட்டீஸ்ல என்ன எழுதிருந்துச்சுன்னு எனக்கே தெரியாது, அவங்கதான் எழுதுனாங்க.

அதனால கேரக்டருக்கு என்னல்லாம் தெரியும்னு எழுதறத கொஞ்சம் நிறுத்திட்டு, என்ன தெரியாது, என்ன முடியாது, யாருக்குக் கடன்பட்டிருக்கான்னு எழுதிப் பாருங்க. ருத்ராவ தூக்கிப் போட வேணாம், எனக்கு அந்த 400 வருஷம் ரொம்பப் புடிச்சிருக்கு. எல்லா பாஷையும் தெரியும்ங்கறத மட்டும் வெட்டுங்க. 400 வருஷத்துக்கு முன்னாடி பேசுன தமிழ்தான் அவன் வாயில வரும்னு வைங்க. வண்டிப்பெரியாறு ஸ்டாண்ட்ல பஸ் ஏறிட்டான், கையில இருக்குற காசு எதுவும் செல்லாது, கண்டக்டர் எறங்குங்கறாரு, மழை ஊத்துது. இத போஸ்ட் பண்ணிப் பாருங்க, டிக்கெட் எடுத்துக் குடுக்க யாராச்சும் வருவாங்க, இல்ல அவன் காச வாங்கிப் பாத்து இது பழைய காசாச்சேன்னு ஏமாத்த ஒருத்தன் வருவான், ரெண்டுமே உங்களுக்குக் கதைதான். பேக்ஸ்டோரி ஆறு பக்கமும் உங்க நோட்டுல இருக்கட்டும், பயோவுக்கு நாலு வரி போதும், மீதிய கேக்க கேக்க கொஞ்சம் கொஞ்சமா குடுங்க.

கேள்வி: மேடம், நான் பள்ளிக்கூட டீச்சர். 1946ல செங்கோட்டையில இருக்குற ஒரு தபால்காரர் கேரக்டர் எழுதுறேன். "புளியரை செக்போஸ்ட் தாண்டி கேரளாவுக்கு தபால் எடுத்துட்டுப் போறேன்"னு எழுதினதுக்கு ஒருத்தர் "எல்லாமே தப்பு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். என்ன தப்புன்னு சொல்லவே இல்ல. (செங்கோட்டை)

டீச்சர், அவரு நின்னு சொல்லிருக்கணும், அப்டி ஒரு வார்த்தையில வெட்டிட்டுப் போறது நல்லதில்ல. ஆனா விஷயம் தப்புதான். 1946ல கேரளான்னு ஒரு மாநிலமே கெடையாது. செங்கோட்டை அப்ப திருவிதாங்கூர் மகாராஜா ஆட்சியில இருந்துச்சு, தென்காசி பிரிட்டிஷ்காரன்கிட்ட, சென்னை மாகாணத்துல திருநெல்வேலி ஜில்லாவுல. அதனால நீங்க இன்னிக்கு மேக்க பாக்குற பார்டர் அன்னிக்கு உங்களுக்குக் கெழக்க இருந்துச்சு, செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவுல. புளியரை தாண்டி மலை எறங்குனா அதே ராஜ்ஜியம்தான், யாரும் நிறுத்தப் போறதில்ல. செங்கோட்டை நம்ம பக்கம் வந்தது 1956 நவம்பர் 1ல, மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்ப.

அடுத்து, உங்க ஆள சாதாரண தபால்காரரா வைக்க வேணாம், இதான் எனக்கு ரொம்ப சந்தோஷமான விஷயம். திருவிதாங்கூருக்குன்னு தனியா ஒரு தபால் இருந்துச்சு, பேரு அஞ்சல். மணி கட்டுன கோல கையில புடிச்சுக்கிட்டு பையோட ஓடுவாங்க, அஞ்சலோட்டக்காரன்னு பேரு. 1951லதான் அத இந்தியத் தபாலோட சேத்தாங்க. உங்க ஆளோட அப்பா அப்டி ஓடுனவரா இருக்கட்டும், அந்தக் கோலு வீட்டு மூலைல சாத்தி வச்சிருக்கட்டும். காசும் வேற. சக்கரம்னு சொல்வாங்க, 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபா, பிரிட்டிஷ் ரூபான்னா இருபத்தெட்டரை சக்கரம் குடுக்கணும். தேதியும் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷக் கணக்குதான் வாயில வரும், 1946 ஜனவரின்னா அவருக்கு 1121. ரயில் வேணும்னா தாராளமா வைங்க, கொல்லத்துல இருந்து புனலூர் வழியா செங்கோட்டைக்கு 1904ல இருந்தே மீட்டர்கேஜ் ஓடுச்சு.

இந்த விவரத்தையெல்லாம் ஒரே போஸ்ட்ல கொட்டிடாதீங்க டீச்சர், கொட்டுனா பாடப் புஸ்தகம் ஆயிரும். இதுல எது உங்க ஆளோட கைய கட்டிப் போடுதோ அத மட்டும் எடுங்க. அஞ்சல் பை ராஜ்ஜியத்துக்குள்ளதான் போகும். திருவனந்தபுரம் வரைக்கும் அவரு பை போகும், கண்ணுக்கு எட்டுற தூரத்துல இருக்குற தென்காசிக்குப் போகாது. அவரு தங்கச்சிய தென்காசில கட்டிக் குடுத்திருக்காருன்னு வைங்க. ஊரு பூரா கடுதாசி குடுக்குற மனுஷன், சொந்தத் தங்கச்சிக்கு ஒண்ணு அனுப்ப அந்தப் பக்கம் போற மாட்டு வண்டிக்காரன கெஞ்சிக்கிட்டு நிக்கிறாரு. வண்டிக்காரனா யாராவது வருவாங்க பாருங்க.

கேள்வி: அக்கா, எனக்கும் என் ஃப்ரெண்டுக்கும் நல்லாத்தான் ஆரம்பிக்குதுங்க, நாலு ரிப்ளை அஞ்சு ரிப்ளைக்கு மேல நிக்க மாட்டேங்குது. ரெண்டு பேருமே நல்லா எழுதுவோம். (கொழிஞ்சாம்பாறை)

உங்க பாலக்காட்டுச் சீமையிலயே இதுக்குப் பாடம் இருக்குங்க தம்பி. பத்ரகாளி கோயில்கள்ல கூத்துமாடம்னு நீளமா ஒண்ணு கட்டிருப்பாங்க, பாத்திருப்பீங்க, அதுல தோல்பாவைக்கூத்து நடக்கும். பின்னாடி வரிசையா தேங்காய் மூடில 21 வெளக்கு எரியும், முன்னாடி வெள்ளைத் துணி, தோல்ல செஞ்ச பொம்மையோட நெழல். மலையாள நாட்டுக் கோயில்ல, ராத்திரி முழுக்க, கம்பராமாயணத் தமிழ்ப் பாட்டப் பாடுவாங்க. பாட்டு முடிஞ்சதும்தான் விஷயமே. ஒரு புலவர், பாவை ஆட்டுறவர அப்டித்தான் சொல்வாங்க, ஒரு பாத்திரமா நின்னு கேள்வி கேப்பாரு, இன்னொருத்தர் இன்னொரு பாத்திரமா பதில் சொல்வாரு, அந்தப் பதில புடிச்சு இவரு அடுத்த கேள்வி, வாதம் எங்கயோ போயிட்டுத் திரும்பி வரும். பல ராத்திரி எதுக்க ஒரு ஆளு கூட இருக்காது, அம்மன் கேக்குதுன்னு நடத்துவாங்க. பாக்க ஆளில்லாத எடத்துல விடிய விடிய பேச்சு ஓடுதுன்னா, ஒருத்தர் முடிக்கிறப்ப அடுத்தவருக்கு எதையாச்சும் கையில குடுத்துட்டு முடிக்கிறாரு, அதான் காரணம்.

நீங்க அனுப்புன ஸ்கிரீன்ஷாட்ட பாத்தேன். உங்க ஃப்ரெண்ட் எழுதுனது: "அவள் ஜன்னல் ஓரம் நின்று மழையைப் பார்த்தாள். கண்ணில் நீர் வழிந்தது. வாழ்க்கை இவ்வளவுதானா என்று எண்ணினாள்." அழகா இருக்கு. ஆனா நீங்க என்ன பதில் எழுதுவீங்க? நீங்களும் இன்னொரு ஜன்னல்ல நின்னு மழைய பாத்திருக்கீங்க. ரெண்டு பேரும் தனித்தனியா நெனச்சுட்டு இருந்தா எங்க நகரும். அதே எடத்துல அவ, "கொடைய வச்சிட்டுப் போயிட்ட. அதுல கைப்பிடிகிட்ட வேற ஒருத்தி பேரு செதுக்கிருக்கு"ன்னு வாயத் தொறந்து சொல்லிருந்தா நீங்க பதில் சொல்லியே தீரணும்ல? மனசுக்குள்ள நெனைக்கறத எதிராளி கேரக்டரால கேக்க முடியாது, அவங்க காதுக்கு விழுற மாதிரி, கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணாவது ஒவ்வொரு ரிப்ளைலயும் வைங்க. ஆமா இல்லன்னு ஒரு வார்த்தைல முடியற கேள்வியா இருக்க வேணாம். நீளம் பத்தி கேட்டிருந்தீங்க, நீளத்துல ஒண்ணும் இல்லங்க, எதிராளி மூணு வரி எழுதறவங்கன்னா நீங்க முப்பது வரி எழுதி அவங்கள மெரட்டாதீங்க, அவ்ளோதான்.

கேள்வி: என் கேரக்டர் எங்கூரு பாஷை பேசுறான். சென்னைக்காரங்க புரியலங்கறாங்க, மலையாளம் கலந்திருக்குன்னு கிண்டல் வேற. மாத்திடவா? (களியக்காவிளை)

மாத்தவே மாத்தாதீங்க. இத நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா பார்டர்ல பொறந்தவங்களுக்கு மத்தவங்ககிட்ட இல்லாத சொத்து இது ஒண்ணுதான். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுக்காவும் 1956 வரைக்கும் திருவிதாங்கூர், அப்பறம் திருவிதாங்கூர்-கொச்சின்னு அந்தப் பக்கம்தான் இருந்துச்சு, அந்தப் பேச்சு உங்க வாயில இருக்கறதுல என்ன கொறை? ஒரே ஒரு கெழங்கு எடுத்துக்குங்க. உங்க கேரக்டர் "மரச்சீனி"ன்னு சொன்னா குமரிக்காரன்னு தெரிஞ்சு போச்சு, எங்க மலையில "கப்பை"ன்னு சொல்வோம், தமிழ்நாட்டுல பல எடத்துல மரவள்ளி, கொங்குப் பக்கம் குச்சிக்கெழங்கு. 1880ல இருந்து 1885 வரைக்கும் திருவிதாங்கூர ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கெழங்க ஊரெல்லாம் பயிர் பண்ண வச்சாருன்னு சொல்வாங்க, பசிக்கு ஒதவுன கெழங்கு. உங்க ஆளு ஒரு தட்டு மரச்சீனியும் மீன் கொழம்பும் முன்னாடி வச்சுக்கிட்டு ஒக்காந்தா பத்து வரி பேக்ஸ்டோரி மிச்சம்.

புரியணும்னா எல்லா வார்த்தையையும் வட்டாரத்துல எழுதணும்னு இல்ல. "ஆக்கும்" ஒரு எடத்துல, "மக்ளே" ஒரு எடத்துல, "வெப்ராளம்" மாதிரி ஒரு வார்த்த, அத சுத்தி மத்தது எல்லாருக்கும் புரியற பேச்சுத் தமிழ். "எனக்கு வெப்ராளமா வருது மக்ளே, கதவ தொற"ன்னு எழுதுனா மெட்ராஸ்காரங்களுக்கு அகராதி வேணாம். இன்னொண்ணு, ஒரே ஆளு எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி பேச மாட்டான். சந்தையில மலையாளி யாவாரிகிட்ட ஒரு மாதிரி, தமிழ்நாட்டு போலீஸ்காரர்கிட்ட பள்ளிக்கூடத் தமிழ் மாதிரி, வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட முழுசா ஊரு பாஷை. எங்க எப்ப பாஷை மாறுதுன்னு கவனிச்சு எழுதுங்க, அவன் எதுக்குப் பயப்படுறான்னு அதுலயே தெரிஞ்சிரும். ஆனா வட்டாரப் பேச்ச முட்டாள காட்டறதுக்கும் சிரிப்பு காட்டறதுக்கும் மட்டும் வைக்காதீங்க, அது எனக்கு மனசுக்கு ஒப்பாது.

கேள்வி: சண்டை சீன்ல எதிராளி "நான் குத்தினேன், நீ செத்துட்ட"ன்னு அவரே எழுதிடறாரு. என்ன பண்றது? (நகரி)

இதுக்கு காட்மோடிங்னு பேரு, எந்த குரூப்லயும் ஒத்துக்க மாட்டாங்க. குத்துனேன்னு எழுதலாம், குத்து பட்டுச்சா, வெலகுனாங்களான்னு எழுத வேண்டியது அடி வாங்குறவங்க. உங்க சித்தூர்ப் பக்கமும் திரௌபதை அம்மன் கோயில்ல கூத்து நடக்கும், கடைசி நாள் படுகளம், துரியோதனன் விழுற காட்சி, பாத்திருப்பீங்க, துரியோதனன் வேசம் கட்டுனவருக்கு தான் விழப் போறது தெரியும், ஆனாலும் கடைசி அடி வரைக்கும் விட்டுக் குடுக்காம ஆடுவாரு. சாவு முன்னாடியே பேசி முடிவாகணும், ஆட்டத்த ஆடறவங்க ஆடணும். அவருக்கு ரெட்டை பிராக்கெட் போட்டு, கேரக்டரா இல்லாம நீங்களா பேசி, ஒரு தடவ சொல்லிப் பாருங்க. கேக்கலன்னா அவரோட விளையாட வேணாம்.

கேள்வி: ஏஐ வச்சு ரிப்ளை எழுதலாமா?

எதிராளிகிட்ட மொதல்ல சொல்லிட்டுப் பண்ணுங்க. அவங்க ராத்திரி கண்ணு முழிச்சு எழுதுறது உங்களுக்காக, உங்க பதிலுக்காக.

கேள்வி: என் மகளுக்கு 15 வயசு. போன்ல ஏதோ கேரக்டர் மாதிரி எழுதிட்டு இருக்கா, ராத்திரி ஒரு மணி ரெண்டு மணி ஆகுது. கதையில வர்ற ஒருத்தர் நெஜ நம்பர் கேட்டாராம். புடுங்கி வச்சிடவா? பயமா இருக்கு. (குமுளி)

அம்மா, அந்த நம்பர் விஷயத்த அவ உங்ககிட்ட சொன்னா பாருங்க, அத காப்பாத்தணும். போன இப்ப புடுங்குனா அடுத்த தடவ சொல்ல மாட்டா. பக்கத்துல ஒக்காந்து அவ எழுதுனத படிச்சுக் காட்டச் சொல்லுங்க, உங்க புள்ள நல்லா எழுதுறாளோ என்னமோ. ராத்திரி பத்து மணிக்கு மேல கேரக்டர் தூங்கப் போயிருச்சுன்னு கதைக்குள்ளயே எழுதிட்டு வரச் சொல்லுங்க, இது எங்க குரூப்ல நாங்க நெஜமாவே பண்றது.

நம்பர் கேட்ட ஆளப் பத்தி ரெண்டு பேச்சு வேணாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிட்டு பிளாக் பண்ணச் சொல்லுங்க. கதைக்குள்ள ரெண்டு கேரக்டர் காதலிக்கிறது கதை, கதைய விட்டு வெளிய வந்து போட்டோ கேக்கறது, வீடு எங்கன்னு கேக்கறது, "வீட்ல சொல்லாத"ங்கறது வேற விஷயம், அந்த கோட்ட தாண்டுன ஒடனே நிறுத்திரணும். அதுவும் பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்குற புள்ளையோட பெரியவங்க காதல் காட்சி எழுதவே கூடாது, எவ்ளோ நல்ல எழுத்தா இருந்தாலும் சரி. மெரட்டல்னு ஏதாச்சும் வந்தா 1930க்கு போன் பண்ணுங்க, சைபர் கிரைம் நம்பர், கொழந்தைங்களுக்கு 1098 இருக்கு. வெக்கப்படாதீங்க.

கேரக்டர் அக்கவுண்ட் வச்சிருக்குற எல்லாருக்கும் இதோட சேத்து ஒண்ணு சொல்லணும். ஃபேஸ்புக்ல உங்க மெயின் ப்ரொஃபைல் சொந்தப் பேருலதான் இருக்கணும், கேரக்டருக்குப் பேஜ் ஆரம்பிங்க. இது கற்பனைக் கேரக்டர்னு பயோவுல மொத வரியிலயே இருக்கணும். நெஜ மனுஷங்க போட்டோவ எடுத்து மூஞ்சியா வைக்காதீங்க. நான் ஆரம்பத்துல நெட்ல கெடச்ச ஒரு பொண்ணோட போட்டோவ ஒரு கேரக்டருக்கு வச்சிருந்தேன், தப்புன்னே தோணல, ஊர் பேர் தெரியாத பொண்ணுதானன்னு. எட்டு மாசம் கழிச்சு அவங்க அண்ணன் மெசேஜ் பண்ணாரு. கோவமாக்கூட பேசல. "எங்க சொந்தக்காரங்க பாத்துட்டு தங்கச்சிய கேக்கறாங்க, அவ மூணு நாளா சாப்டல"ன்னு மட்டும் எழுதிருந்தாரு. அன்னிக்கே அக்கவுண்ட அழிச்சேன், மன்னிப்பு கேட்டேன், அவங்க பெருந்தன்மையா விட்டாங்க. அடுத்தவங்க மாதிரி நடிச்சு ஏமாத்துனா ஐடி சட்டம் 66டி பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலும் ஒரு லட்சம் வரைக்கும் அபராதமும் இருக்கு. ஆனா எனக்கு அந்தச் சட்டத்த விட அந்த மூணு நாள்தான் இன்னும் மனச அறுக்குது. இப்ப என் கேரக்டருங்களுக்கு மூஞ்சியே கெடையாது, சுருளிக்கு ஸ்டியரிங் மேல இருக்குற கை மட்டும்தான், அதுவும் நான் வரைஞ்சது.

கேள்வி: உங்க சுருளிய ரெண்டு வருஷமா படிக்கிறேன். ஆறு மாசமா போஸ்டே இல்லையே, முடிச்சிட்டீங்களா? (போடிநாயக்கனூர்)

முடிக்கலங்க. பேச்சிய எழுதுனவங்களுக்குக் கொழந்த பொறந்துச்சு, அதான். பேச்சி இல்லாம மத்தவங்கள வச்சு ஓட்டிப் பாத்தேன், சுருளி யார்கிட்டயும் மனசு விட்டுப் பேச மாட்டேங்கறான். நானே பேச்சியா ரெண்டு வரி எழுதிருக்கலாம், ஏழு வருஷ பழக்கத்துல அவ என்ன சொல்வான்னு எனக்குத் தெரியும்தான், ஆனா அவ என்னோட ஆளு இல்ல, அவங்க உருவாக்குனது. பேச்சி வியாதி வந்து செத்துட்டதா எழுதச் சொல்லி ரெண்டு பேரு ஐடியா குடுத்தாங்க, எனக்கு கை வரல. ரெட்டை பிராக்கெட்ல அவங்ககிட்டயே கேட்டேன், பேச்சிய என்ன பண்ணட்டும்னு. "மக பிரசவத்துக்குப் போயிருக்கான்னு வைங்க"ன்னு ஒரே வரி.

உங்க யாரோட கூட்டாளியாச்சும் இப்டி நடுவுல போனா இதத்தான் சொல்வேன், அவங்களக் கேளுங்க, அவங்க சொன்ன காரணத்தையே கதையில வைங்க, கேரக்டர அழிக்காதீங்க. நான் கடைசியா போட்ட போஸ்ட் ஞாபகம் இருக்கும்னு நெனைக்கிறேன், காலைல அஞ்சரை மணி, கம்பமெட்டு ரோட்டுல ஜீப்பு நிக்குது, பதிமூணு பேரு ஏறிட்டாங்க, பின்னாடி எடது மூலையில பேச்சி ஒக்கார்ற எடத்துல புதுசா வந்த ஒரு பொண்ணு பைய வைக்கப் போறா, சுருளி கண்ணாடில பாத்துட்டு "அங்க வேணாம்த்தா"ங்கறான். அதோட நிறுத்திட்டேன். போன வாரம் ராத்திரி அந்தப் போஸ்ட்டுக்குக் கீழ ஒரு பதில் வந்துச்சு, பேச்சி அக்கவுண்ட்ல இருந்து: "ஏப்பா சுருளி, நோட்டீஸ கிழிச்சிட்டானா, இன்னும் கெடக்கா?" திங்கக்கெழம காலைல ஜீப்பு கெளம்புது.